கணவாயில் கிடைத்த ஒரு மணித்தியாலம்

சுவிஸ்காரர்கள் யூலை, ஓகஸ்ட் மாதங்களில் விடுமுறை போவார்கள். அவர்கள் சாப்பிட்ட கோப்பைகளை அந்த இரண்டு மாதமும் எங்கள் ஆட்கள் கழுவுவார்கள். பிறகு அவர்கள் வீடு திரும்பி, மலையில் மேய்ந்த மாடுகளும் பள்ளத்தாக்குக்கு இறங்கி, கூடாரம் அடிக்கும் மைதானங்களின் தண்ணீர்க் குழாய்களைக்கூடப் பூட்டிய பிறகு, முதலாளி எங்களைப் பார்த்துச் சிரிப்பார். இனி நீங்களும் போய் இந்த அழகான நாட்டைச் சுற்றிப் பாருங்கள் என்பார். சொல்லிவிட்டு அவர் வெயில் தேடி ஸ்பெயினுக்குப் போய்விடுவார். அவர் எதற்குப் பயந்து ஓடினாரோ, அது எங்களுக்கு விடுமுறையாகக் கிடைக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு செப்டெம்பர்க் கடைசியில், அப்படிக் கிடைத்த நாலு நாள் பயணத்தின் முடிவில்தான் நான் ஃபூர்கா கணவாயில் கூடாரம் அடித்துப் படுத்தேன். கூடாரம் அடித்தோம் என்று சொல்வதும் சரியில்லை. அதுதான் எங்களை அடித்தது.

போனது மூன்று பேர். நான், ஷாஃப்ஹவுசனில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்த என் கணவர், அவரோடு அங்கேயே வேலை செய்த ஓர் அண்ணை. அண்ணையிடம் கார் இருந்தது. எங்களுக்கு ஏழு வருடம் முந்தி சுவிஸுக்கு வந்தவர் என்ற பட்டமும் இருந்தது. பெர்மிட்டா, பல்வலியா, பனியா, எதைக் கேட்டாலும் அவரிடம் பதில் தயாராக இருக்கும். அவருக்குத் தெரியாத ஒரே விஷயம், தனக்குத் தெரியாத விஷயங்களும் உண்டு என்பது. அந்தக் காருக்கும் எனக்கும் பழைய பழக்கம். கல்யாணம் பேசும்போது அம்மா என்னிடம் காட்டிய படத்தில் என் கணவர் சாய்ந்துகொண்டு நின்றது அதே காரில்தான். மாப்பிள்ளை வந்து சேர்ந்தார், கார் மட்டும் அண்ணையோடு நின்றுவிட்டது.

அந்தப் பயணத்தில் எனக்கு ஒரே ஒரு கவலை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பகல் ஒன்றரை மணி.

அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்தார். அப்போது அங்கே தொலைபேசி கிடையாது, கரண்டும் கிடையாது, கடிதம் போய்ச் சேர மாதக்கணக்கு. பயணத்துக்குப் பதினாலு நாளுக்கு முன் அம்மாவின் கடிதம் வந்தது. கண் காட்டக் கொழும்புக்குப் போக அனுமதி கிடைத்திருக்கிறது, வள்ளத்தில் கடலேரி கடந்து வரவேண்டும், வெள்ளி வந்து சேர்வேனோ சனி வந்து சேர்வேனோ தெரியாது. ஆனால் ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்கு வெள்ளவத்தையில் இன்ன ரெலிபோன் கடையில் நிற்பேன், அன்று இரவு ரயிலிலேயே திரும்பவேண்டும் என்று எழுதி, கடையின் நம்பரைப் பெரிய எழுத்தில் இரண்டு முறை போட்டிருந்தார். கொழும்பில் ஐந்து மணி என்றால் எங்களுக்கு ஒன்றரை. மூன்றரை மணித்தியாலத்தைக் கழிக்கவேண்டும். அந்த இரண்டு கிழமையும் எத்தனை தரம் கழித்துப் பார்த்தேன் என்பதற்குக் கணக்கில்லை.

மூன்று வருடமாக அம்மாவின் குரலை நான் கேட்கவில்லை. அதற்குப் போரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. எனக்குப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்க இடம் கிடைத்திருந்தது. என்னைப் பெற்ற ஐயா செத்துப்போன கையோடு, இந்த நாட்டில் பொம்பிளைப் பிள்ளையை வைத்துக்கொண்டு இருக்க ஏலாது என்று அம்மா இந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்தார். நான் சண்டை போட்டேன், அழுதேன், கடைசிப் பத்து நாளும் அம்மாவோடு ஒரு சொல் கதைக்கவில்லை. புறப்பட்ட அன்றும் கதைக்கவில்லை. அதற்குப் பிறகு எழுதிய கடிதங்களில் நான் சுகம், இங்கே குளிர், அங்கே சுகமா என்று அரசாங்க அலுவலகத்துக்கு எழுதுவதைப்போல எழுதினேன். கோபம் எப்போது போனது என்று எனக்கே தெரியாது. போன பிறகும் அதைக் கடதாசியில் எழுத மனம் வரவில்லை. வாயால் சொல்லவேண்டும், அம்மா என்ன சொல்லுகிறார் என்று காதால் கேட்கவேண்டும் என்று வைத்திருந்தேன்.

ஆகவே பயணமே வேண்டாம் என்று நான் சொன்னேன். என் கணவர் சிரித்தார்.

"உதுக்குப் போய் ஆரும் பயணத்தை நிப்பாட்டுவினமோ? சுவிஸிலை ரெலிபோன் பூத் இல்லாத ஊர் இருக்கோ? போற வழியிலை நிண்டு எடுப்பம். மலையிலை நிண்டு கதைக்கிறன் எண்டு சொல்லும், அம்மாவுக்கும் ஒரு பெருமை."

அண்ணை அதற்கு மேல் போனார். "தங்கச்சி, நேரம் எண்டால் சுவிஸ். சுவிஸ் எண்டால் நேரம். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ."

நான் யோசிக்காமல் காரில் ஏறினேன்.

எங்கள் ஆட்கள் ஒரு நாட்டைச் சுற்றிப் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் எந்த ஊரில் எந்தச் சொந்தக்காரர் இருக்கிறார் என்று பார்ப்பது. அதற்குப் பிறகுதான் வரைபடம். வியாழன் லோசானில் அண்ணையின் மச்சாள் வீட்டில் இறங்கினோம். லோசானில் நான் பார்த்தவை: ஒரு சோபா, ஒரு கண்ணாடி அலுமாரி, மூன்று மணித்தியாலம் ஓடிய கல்யாண வீடியோ. ஏரி எந்தப் பக்கம் என்று கேட்டேன். "நாளைக்குக் காட்டுறம், முதலிலை சாப்பிடுங்கோ" என்றார்கள். வெள்ளி ஜெனீவாவில் என் கணவரின் ஒன்றுவிட்ட சித்தப்பா வீடு. அங்கே சோபா வேறு நிறம், வீடியோ அதே கல்யாணம். வானத்துக்குப் பாயும் புகழ்பெற்ற நீர்த்தாரையைச் சிவப்பு விளக்கில் நின்ற நேரத்தில் பார்த்தேன். விளக்கு பச்சையானது, ஜெனீவா முடிந்தது.

சனிக்கிழமை காலையில் என் கணவருக்குத் திடீரென்று இயற்கையில் பற்று வந்தது. "கடைசி இரவு மலையிலை தங்குவம். உண்மையான சுவிஸைப் பாக்கவேணும்." எனக்குக் காரணம் விளங்கியது. ஜெனீவாவுக்கும் ஷாஃப்ஹவுசனுக்கும் நடுவில் அந்த மலைப்பாதையில் எங்களுக்குச் சொந்தக்காரர் ஒருவரும் இல்லை.

அதற்கென்று கார் டிக்கியில் ஆயத்தங்கள் ஏற்கெனவே இருந்தன. எட்டுப் பேருக்குச் சோறு காய்ச்சும் பானை, காஸ் அடுப்பு, பத்து முட்டை, தகரத்தில் அடைத்த ரின் மீன் இரண்டு, வெங்காயம் மூன்று கிலோ, ஒரு போத்தல் நிறைய மிளகாய்த்தூள். மிளகாய்த்தூள் இல்லாமல் எங்கள் ஆட்கள் சந்திரனுக்கும் போகமாட்டார்கள். போர்வை எத்தனை என்று கேட்டேன். இரண்டு. குளிர் கோட்டுகள் எங்கே என்று கேட்டேன். வீட்டு நிலவறையில், பெட்டிக்குள், பூச்சி உருண்டையோடு பத்திரமாக இருந்தன. அகதிமுகாமில் நவம்பரில்தான் கோட்டு கொடுத்தார்களாம். அதனால் சுவிஸில் குளிர் நவம்பரில்தான் தொடங்கும் என்பது அண்ணையின் முடிவு.

கூடாரம் அண்ணை பழைய சாமான் கடையில் வாங்கியது. விரித்துப் பார்த்தபோதுதான், துணி நாலு பேருக்கான கூடாரத்துடையது, கம்பிகள் இரண்டு பேருக்கான வேறொரு கூடாரத்துடையவை என்று தெரிந்தது. ஆனால் இது பின்னேரம் ஐந்தரை மணிக்கு, கணவாயின் உச்சியில் தெரிந்தது.

அந்த இடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். மரம் ஒன்றுமில்லை. மஞ்சளாகிப்போன புல், கல், அதற்கு அப்பால் இன்னும் கல். ஒரு ஹொட்டேல் இருந்தது. அதன் யன்னல்களுக்கெல்லாம் பலகை அடித்திருந்தார்கள். அந்த ஹொட்டேலைக் கட்டியவர்களே தங்க விரும்பாத காலத்தில் நாங்கள் அங்கே தங்க வந்திருந்தோம். காற்று மேற்கிலிருந்து வந்தது, பிறகு கிழக்கிலிருந்து வந்தது, பிறகு எங்களைச் சுற்றி நின்று யோசித்துவிட்டு எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. கார்க் கதவைத் திறந்த அண்ணையின் கையிலிருந்து கதவு பிடுங்கிக்கொண்டு போய்த் திரும்பி வந்தது.

"நல்ல காத்து," என்றார் என் கணவர். "சுத்தமான காத்து."

சுத்தத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூடாரத்தை நிமிர்த்த ஒரு மணித்தியாலம் பிடித்தது. நான் ஒரு மூலையில் ஏறி நின்றேன், கணவர் ஒரு மூலையில் படுத்தார், அண்ணை நின்று வழி சொன்னார். கம்பி நிமிர்ந்தால் துணி தொங்கியது, துணி இறுகினால் கம்பி வளைந்தது. கடைசியில் அது மழையில் நனைந்த எருமை படுத்திருப்பதுபோல ஒரு நிலைக்கு வந்தது. அண்ணை எட்ட நின்று பார்த்துவிட்டுத் திருப்திப்பட்டார்.

அடுத்தது சோறு. காருக்கும் பெட்டிகளுக்கும் நடுவில் அடுப்பை வைத்து, தீப்பெட்டியில் பாதியைச் செலவழித்துப் பற்றவைத்தோம். தண்ணீர் கெதியாகக் கொதித்தது. அரிசி மட்டும் வேகவில்லை. அரை மணித்தியாலம் கொதித்தும் பல்லில் கடிபட்டது.

"இது காஸ் சரியில்லை," என்றார் அண்ணை.

உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், அதனால் அரிசி வேக நேரம் எடுக்கும் என்று நான் சொன்னேன். அண்ணை என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"தங்கச்சி புத்தகத்திலை படிச்சதைச் சொல்லுறா. இது காஸ்தான்."

புத்தகத்தில் படித்தவள் வாயை மூடிக்கொண்டு அரை வேக்காட்டுச் சோற்றை ரின்மீன் குழம்போடு விழுங்கினாள். அந்தப் பெருமை எனக்கு அடுத்த நாள் பகல்வரை இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். மூன்று பேரில் மூளை உள்ளது எனக்குத்தான் என்று நான் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன்.

இருள முன்னமே அண்ணை எழும்பினார். "நீங்கள் குடும்பகாரர். நான் காருக்கை படுக்கிறன். அதுதான் மரியாதை." நாகரிகம் தெரிந்த மனிதர். மரியாதைக்காக அவர் கண்ணாடி ஏற்றி, ஹீற்றரைப் போட்டு, சீற்றைச் சரித்துப் படுத்துக்கொண்டார். குடும்பகாரர் நாங்கள் எருமைக்குள் புகுந்தோம்.

உள்ளே படுக்க முடியாது. காற்று அடிக்கும்போதெல்லாம் நடுக்கம்பி வளைந்து துணி முகத்தில் ஒட்டியது. என் கணவர் எழும்பி இருந்து கம்பியை இரண்டு கையாலும் பிடித்தார். பிடித்தால் கூடாரம் நின்றது. கையை எடுத்தால் விழுந்தது. இரண்டு போர்வையையும் என்மேல் போட்டார். ஒன்றை நீங்கள் எடுங்கள் என்றேன்.

"கம்பியைப் பிடிக்கிறவனுக்கு என்னத்துக்குப் போர்வை? நீர் படும். நாளைக்கு அம்மாவோடை கதைக்கவேணும், தொண்டை கட்டினால் என்ன செய்வீர்?"

அதற்குப் பிறகு தன் சப்பாத்தைக் கழற்றி, காலுறைகளை உரிந்து என் கைகளில் மாட்டிவிட்டார். மணத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. நான் இடையிடையே நித்திரையானேன். விழித்தபோதெல்லாம் அவர் வெறுங்காலோடு கம்பியைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். இந்த மனிதரை நான் மூன்று வருடமாக மேசை கதிரைபோல வீட்டுக்கு வந்த தளபாடமாகத்தான் பார்த்து வந்திருக்கிறேன் என்று அப்போது எனக்கு வெட்கமாக இருந்தது. அன்புதான் அது, வேறு பெயர் சொல்லத் தேவையில்லை. அம்மாவுக்குச் சொல்ல இன்னொரு வசனமும் கிடைத்தது: நல்ல ஆளைத்தான் பார்த்துத் தந்தீங்கள்.

விடிந்து வெளியே வந்தால் உலகம் வெள்ளை. ஒரு சாண் உயரத்துக்குப் பனி கொட்டியிருந்தது. காற்று மட்டும் அப்படியே அடித்துக்கொண்டிருந்தது, அதற்கு ஓய்வு நாள் கிடையாதுபோலும். அண்ணை கார்க் கண்ணாடியை இறக்கி, "நல்ல நித்திரை" என்றார். பிறகுதான் சுற்றிப் பார்த்தார். காருக்கு இருந்தது கோடை ரயர். அந்தச் சரிவில் அதை உருட்டினால் நாங்கள் கிராமத்துக்குப் போய்ச் சேர்வோம், ஆனால் றோட்டு வழியாக அல்ல.

என் மணிக்கூட்டில் அப்போது ஏழரை. இன்னும் ஆறு மணித்தியாலம் இருக்கிறது என்று கணவர் சொன்னார். எட்டரைக்கு ஐந்து மணித்தியாலம் இருக்கிறது என்றார். பத்துக்கு அவர் சொல்வதை நிறுத்தினார். காருக்குள் மூன்று பேரும் கால்களை மடக்கிக்கொண்டு, மிஞ்சிய சோற்றில் வெங்காயம் கடித்துத் தின்றோம். அந்தச் சோறு விடியவும் வேகாமல்தான் இருந்தது. சூரியன் வந்தால் பத்து நிமிடத்தில் உருகிவிடும் என்று அண்ணை ஒவ்வொரு பத்து நிமிடமும் சொன்னார். நான் கடையின் நம்பர் எழுதிய துண்டை எடுத்துப் பார்த்தேன், மடித்து வைத்தேன், பிறகும் எடுத்தேன். அம்மா இப்போது எழும்பி முழுகியிருப்பார், இப்போது லொட்ஜில் சாப்பிட்டிருப்பார், இப்போது சீலை மாற்றுவார் என்று மூன்றரையைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். பதினொன்றரைக்கு எனக்குப் பொறுக்கவில்லை.

"நடந்து போறன்," என்றேன்.

"உந்தச் செருப்போடையோ?" என்றார் கணவர்.

ஓம், செருப்போடுதான். கதவைத் திறந்து இறங்கியும் விட்டேன். இருபது அடி போயிருப்பேன். அப்போதுதான் கீழேயிருந்து பனி வழிக்கும் வண்டி ஏறி வந்தது. ஓட்டி வந்த கிழவர் நிறுத்தி, என் காலைப் பார்த்தார். கையில் மாட்டியிருந்த ஆம்பிளைக் காலுறையைப் பார்த்தார். பின்னால் விழுந்து கிடந்த கூடாரத்தைப் பார்த்தார். சுவிஸ் ஜேர்மனில் ஏதோ நீளமாகச் சொன்னார்.

"எங்கடை துணிவைப் பாராட்டுறார்," என்று அண்ணை மொழிபெயர்த்தார். அந்தக் கிழவரின் முகத்தைப் பார்த்த எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

பாராட்டியவர் வண்டியைத் திருப்பி, வழித்தபடி முன்னே போக, நாங்கள் பின்னே ஊர்ந்தோம். பன்னிரண்டு பத்து. பன்னிரண்டு முப்பது. ஒவ்வொரு வளைவிலும் அண்ணை பிரேக்கைத் தொடும்போது கார் வேறு எங்கோ பார்த்தது. பன்னிரண்டு ஐம்பது. கீழே தேவாலயக் கோபுரம் தெரிந்தது. கிராமத்துக்குள் நுழைந்து, தேவாலயத்துக்குப் பக்கத்தில் ரெலிபோன் பூத்தைக் கண்டபோது என் மணிக்கூட்டில் சரியாக ஒரு மணி. இன்னும் அரை மணித்தியாலம் கையில் இருந்தது. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

அந்த நேரம் பார்த்துத் தேவாலய மணி அடித்தது. ஒன்று அடித்து நிற்கும் என்று பார்த்தால் பன்னிரண்டு அடித்தது. நிமிர்ந்து பார்த்தோம். கோபுரத்து மணிக்கூடும் பன்னிரண்டு காட்டியது. சுவிஸில் மணிக்கூடு பிழைப்பதா என்று நான் திகைத்து நிற்க, அண்ணை தன் நெற்றியில் ஓங்கி ஒன்று போட்டார்.

"அட, நேற்று இரவு நேரம் மாத்திப்போட்டாங்கள்! இண்டையிலை இருந்து குளிர்கால நேரம். ஒரு மணித்தியாலம் பின்னுக்கு. தங்கச்சி, உங்களுக்கு இன்னும் ஒண்டரை மணித்தியாலம் கிடக்கு!"

காருக்குள் ஒரு கல்யாண வீடு. என் கணவர் கை தட்டினார். அண்ணைக்கு உணர்ச்சி பொங்கியது. "பாத்தியளோ, இதுதான் நாடு. வசந்த காலத்திலை எங்களிட்டை எடுத்த ஒரு மணித்தியாலத்தை மறக்காமல் திருப்பித் தந்திட்டான்." மூன்று பேரும் மணிக்கூட்டைக் கழற்றி ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருகினோம். நானும் திருகினேன். கணிதத்தில் அதிவிசேட சித்தி பெற்று, அழுத்தமும் கொதிநிலையும் பற்றி மலையுச்சியில் விரிவுரை நடத்திய நானே என் கையால் திருகினேன்.

என்றாலும் எனக்கு உடனே எடுத்துப் பார்க்கவேண்டும்போல இருந்தது. பூத்துக்குப் பக்கத்தில் போய் நின்றும் விட்டேன்.

"இப்ப எடுத்தால் அம்மா இன்னும் கடைக்கு வந்திருக்கமாட்டா," என்றார் கணவர். "ரெலிபோன் காட் சும்மா முடிஞ்சு போகும். உம்மடை பல்லு அடிக்கிற சத்தம் எனக்கே கேக்குது. வாரும், ஏதாவது சூடாக் குடிச்சிட்டுக் கதையும்."

அது உண்மை. என் குரல் நடுங்கிக்கொண்டிருந்தது. மூன்று வருடத்துக்குப் பிறகு அம்மா கேட்கும் முதல் சொல் நடுங்கிக்கொண்டு போனால், பிள்ளை குளிரில் கிடந்து வாடுகிறாள் என்றுதான் நினைப்பார். குரலைச் சூடாக்கிக்கொண்டு போகலாம் என்று நானே முடிவெடுத்தேன். ஒருவரும் என்னை இழுத்துப் போகவில்லை.

பக்கத்து விடுதியில் பார்லிச் சூப் இருந்தது. ஒன்று முடிய இரண்டாவதும் எடுத்தோம். கால் விரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. என் கணவர் வெறும் சப்பாத்துக்குள் விறைத்திருந்த கால்களை ஹீற்றரில் வைத்தபடி, அம்மாவுக்குத் தன்னைப் பற்றி என்ன சொல்லப் போகிறேன் என்று கேட்டார். கூடாரம் அடிக்கத் தெரியாது என்று சொல்லுவேன் என்றேன். நான் அவரோடு அப்படிப் பகிடி விட்டது அதுதான் முதல் தரம். அவருக்கு அவ்வளவு சந்தோசம்.

ஒன்று இருபத்தைந்துக்குப் பூத்துக்குள் போனேன். கதவுக்கு வெளியே கணவர் நின்றார். சொல்ல வேண்டியதை ஒரு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். சரியாக ஒன்றரைக்கு நம்பரை அடித்தேன். முதல் தரமே லைன் கிடைத்தது.

ஓர் ஆண் குரல். பின்னால் பஸ் சத்தம், வெள்ளவத்தைச் சத்தம். அம்மாவின் பெயரைச் சொல்லி, ஐந்து மணிக்கு அங்கே நிற்பதாகச் சொன்னவ, கூப்பிடுங்கோ என்றேன்.

"ஐஞ்சு மணிக்கோ? இப்ப ஆறு மணி, தங்கச்சி."

"இல்லை அண்ணை, ஐஞ்சு."

"நீங்கள் எங்கையிருந்து, சுவிஸோ? அங்கை நேரம் மாறினால் இங்கையும் மாறுமோ? வருசா வருசம் இந்த ஞாயிறு எனக்கு இதே கூத்து. காலமையிலை இருந்து இது நாலாவது ஆள்."

அவர் சொல்லி முடிக்க முன்னமே எனக்குக் கணக்கு விளங்கிவிட்டது. மூன்றரை நாலரையாகிவிட்டது. சுவிஸ் தந்த ஒரு மணித்தியாலத்தை அம்மாவுக்கு ஒருவரும் கொடுக்கவில்லை. கோபுரத்து மணிக்கூட்டைப் பார்க்காமல், ஒன்றும் தெரியாத மூன்று மடையர்களாக வந்து இறங்கியிருந்தால், பிழையான மணிக்கூட்டோடு சரியான நேரத்துக்கு எடுத்திருப்போம்.

"அம்மா எங்கை, அண்ணை?"

"இப்ப ஒரு கால் மணித்தியாலத்துக்கு முன்னந்தான் வெளிக்கிட்டவ. ரயிலுக்கு நேரமாச்சு எண்டு கூட வந்த பெடியன் கூட்டிக்கொண்டு போட்டான். பாவம், நாலு மணிக்கே வந்து கதவோரம் குந்தினவ. கண்ணிலை மருந்து கட்டியிருந்தது. மணி அடிக்க அடிக்க, எனக்கோ எனக்கோ எண்டு கேட்டுக்கொண்டு இருந்தவ."

ஏதாவது சொல்லிவிட்டுப் போனாரா என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்டும் சொல்லேல்லை. போகேக்கை அந்தப் பெடியனிட்டைத்தான் சொன்னவ, பிள்ளைக்கு இன்னும் கோவம் ஆறேல்லையாக்கும் எண்டு."

அவர் உடனே வைத்துவிடவில்லை, நல்ல மனிதர். பிறகு, "தங்கச்சி, இங்கை ஆக்கள் பாத்துக்கொண்டு நிக்கினம்" என்றார். எனக்குக் கோபம் இல்லை அண்ணை என்று அவரிடம் சொன்னேன். "சரி தங்கச்சி, சரி" என்று வைத்துவிட்டார். மூன்று வருடம் வைத்திருந்த வசனத்தை முன்பின் தெரியாத ஒரு கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

ஷாஃப்ஹவுசனுக்குத் திரும்பினோம். வீட்டுக்கு வந்த கையோடு, கூடாரம் நனைந்தபடி படியில் கிடக்க, நான் கடிதம் எழுத இருந்தேன். எல்லாவற்றையும் எழுதினேன். கோபம் இல்லை, எப்போதோ போய்விட்டது, சொல்லாமல் விட்டது என் பிழை, இவர் நல்லவர், நேரம் மாறியதை மடைச்சி நான் யோசிக்கவில்லை. கடைக்காரர் அம்மாவைப் பற்றிச் சொன்னதை மட்டும் எழுதாமல் விட்டேன். அந்தக் கடிதம் கொழும்பில் கிடந்து, யாரோ ஒருவரின் பையில் ஏறி, கடலேரியைக் கடந்து, தையில்தான் அம்மாவின் கைக்குக் கிடைத்தது. அதுவரை நாலு மாதமும் அம்மா அந்தக் கதவோரத்து எண்ணத்தோடுதான் இருந்திருப்பார்.

பதில் பங்குனியில் வந்தது. பார்வை குறைந்த கண்ணால் எழுதிய, வரி கோணிய கடிதம். அதில் அம்மா எழுதியிருந்தார்: "பிள்ளை, நீ வீணாக மனம் வருந்தாதே. அன்றைக்குக் கண்ணில் மருந்து கட்டியபடியால் எனக்கும் அந்தக் கடைக்குப் போக வசதிப்படவில்லை. நீ சரியான நேரத்துக்கு எடுத்திருந்தாலும் நான் அங்கே இருந்திருக்கமாட்டேன்."